முட்டித் தேய்மானமும் யோகாவும்: அறுபதைத் தாண்டியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

மூட்டுத் தேய்மானம் உள்ள பெரியவர்களுக்கு நாற்காலியை வைத்து யோகா சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்கள் கேட்பதும், அவர்களைக் கொண்டுவந்து விடுகிற மகன், மகள்கள் வாசலில் நின்று கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் முட்டியைப் பார்த்த டாக்டர் எதையாவது கூடாது என்று சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று வந்துவிட்டது. இனிமேல் முட்டியை அசைத்தால் மிச்சமிருப்பதும் தேய்ந்துவிடாதா?

அளவோடு அசைத்தால் அப்படியெல்லாம் தேயாது. முட்டியின் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது, மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு போகிறது, அது உள்ளே போய்வர மூட்டு அழுந்தி அழுந்தி விடுபட வேண்டும், அதாவது நடக்க வேண்டும், மடக்கி நீட்ட வேண்டும். பயந்துபோய் நாள் முழுக்க சோபாவிலேயே இருந்தால் தொடைச்சதை வற்றிவிடும். தொடை வற்றினால் பாரமெல்லாம் மூட்டு மேலேயே இறங்கும், வலி கூடும், வலிக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் உட்கார்ந்துகொள்வோம். பாதிப் பேர் படுக்கையில் விழுவது தேய்மானத்தால் இல்லை, இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டுதான் என்பது என் அபிப்பிராயம்.

எக்ஸ்ரேயும் வலியும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. நாலாவது ஸ்டேஜ் என்று எழுதி வாங்கி வந்தவர் மாடி ஏறி இறங்குவார், 'லேசான தேய்மானம்தான்' என்று சொல்லப்பட்டவர் பாத்ரூம் போகவே சுவரைப் பிடிப்பார். 'ஜெல் தீர்ந்துபோச்சாம்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது படத்தைப் பற்றி இல்லை, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா என்பதைத்தான்.

யோகா செய்தால் தேய்ந்த சவ்வு, அதாவது குருத்தெலும்பு, திரும்ப வளருமா?

வளராது. வளரும் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கிடைப்பது வேறு. தொடையும் இடுப்பும் வலுவாகும், மூட்டின் விறைப்பு குறையும், நடையில் நம்பிக்கை வரும், பலருக்கு வலியும் குறையும். அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் அமைப்பின் 2019 வழிகாட்டுதலில் முழங்கால் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியையும், எடைக் குறைப்பையும், மெதுவாக அசைந்து செய்யும் சீனாவின் தாய் சீ பயிற்சியையும் உறுதியாகப் பரிந்துரைத்தார்கள். யோகாவுக்கும் பரிந்துரை உண்டு, ஆனால் ஒருபடி கீழே. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் யோகாவையும் தசை வலுவூட்டும் பயிற்சியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2025-ல் வந்தது. 12 வாரத்தில் வலி குறைந்த அளவில் யோகா அந்தப் பயிற்சிக்குச் சளைக்கவில்லை. அதே நாட்டின் மெல்போர்னில் 2022-ல் வெளியான இன்னொரு ஆய்வு அவ்வளவு இனிப்பானது இல்லை: ஆன்லைனில் தாங்களாகவே பார்த்து யோகா செய்தவர்களுக்கு அன்றாட வேலைகள் செய்யும் திறன் கூடியது, நடக்கும்போது வரும் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை, 24 வாரம் கழித்துப் பார்த்தபோது கூடிய திறனும் தங்கியிருக்கவில்லை. ஆக, யோகா நல்ல பயிற்சிகளில் ஒன்று, விட்டால் பலனும் போய்விடும். இதற்கு மேல் சொல்வதெல்லாம் விளம்பரம்.

முட்டி வலிக்கும் கீழே விழுவதற்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே. முட்டி வீங்கியிருந்தாலோ வலித்தாலோ தொடையின் முன்பக்கத் தசைக்கு நரம்பு வழியாகப் போகும் உத்தரவே குறைந்துபோகிறது. 'திடீர்னு முட்டி விட்டுடுச்சு' என்கிறார்களே, அது பெரும்பாலும் இதுதான். மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் உணர்வும் மங்குகிறது. வலிக்கிற காலில் பாரம் போடாமல் சாய்ந்து சாய்ந்து நடப்பதால் இடுப்பின் பக்கவாட்டுத் தசை சோர்கிறது, ஒற்றைக்காலில் உடம்பைத் தாங்குவதே அந்தத் தசைதான், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு நொடி நாம் ஒற்றைக்காலில்தானே நிற்கிறோம்.

இத்தோடு சர்க்கரையால் பாதம் மரத்திருப்பது, கண்புரை, தூக்க மாத்திரை, ஈரமான பாத்ரூம் தரை, தேய்ந்த ரப்பர் செருப்பு எல்லாம் சேர்ந்துகொள்ளும். பழைய செருப்பை மாற்றாமல், பாத்ரூமில் ஒரு கைப்பிடி போடாமல் சமநிலைக்கு ஆசனம் மட்டும் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பலாமா என்றுகூடத் தோன்றும்.

எவ்வளவு தடுமாற்றம் இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். சுவரை ஒட்டிப் போட்ட, கை வைக்காத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அளவுகோல்படி 70 முதல் 74 வயதுக்குள் உள்ள ஆண் 12-க்குக் குறைவாகவும், பெண் 10-க்குக் குறைவாகவும் எழுந்தால் விழும் ஆபத்து இருக்கிறது என்று பொருள். கை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்ஜியம்.

இரண்டாவது, ஒரு பாதத்தின் குதிகால் அடுத்த பாதத்தின் விரல்களைத் தொடுகிற மாதிரி நேர்கோட்டில் நின்று பார்ப்பது. பிடிமானம் இல்லாமல் 10 விநாடி நிற்க முடியவில்லை என்றால் கவனிக்க வேண்டும். இதைக் குழந்தை விளையாட்டு என்று நினைத்து வருகிற ஆண்கள்தான் எங்கள் வகுப்பில் அதிகம் தள்ளாடுவார்கள்.

தரையில் உட்காரவே முடியாது. நாற்காலியில் செய்வதெல்லாம் யோகாவா?

யோகாதான். பி.கே.எஸ். ஐயங்கார் புனேயில் நாற்காலி, கயிறு, கட்டை, போர்வை எல்லாவற்றையும் வைத்து முடியாதவர்களையும் ஆசனத்தில் நிற்க வைத்தார். ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்று, ஆசனத்துக்காக ஆளை வளைக்காதே என்கிற வழியில் டி.கே.வி. தேசிகாச்சார் தன் தந்தை கிருஷ்ணமாச்சாரியாரின் பெயரில் 1976-ல் சென்னையில் யோக மந்திரம் என்ற பள்ளியைத் தொடங்கினார். பீகார் முங்கேர் யோகப் பள்ளியின் பவனமுக்தாசன வரிசையில் முதல் தொகுதியே கால்விரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மூட்டாக அசைப்பதுதான். பெரிய பெரிய ஆசான்களுக்கே இல்லாத கௌரவக் குறைச்சல் நமக்கு எதற்கு?

நாற்காலி விஷயத்தில் கறாராக இருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் சேர் டைல்ஸ் தரையில் வழுக்கும், சக்கர நாற்காலியும் ஊஞ்சலும் வேண்டவே வேண்டாம். கனமான மர நாற்காலியோ இரும்பு நாற்காலியோ சுவரில் முதுகு முட்டுகிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு செய்யுங்கள், சாக்ஸ் வேண்டாம். பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் பிடிமானமான செருப்பு போட்டுக்கொள்ளலாம்.

எந்த ஆசனங்களை விட்டுவிட வேண்டும்?

முதலில் வஜ்ராசனம். சாப்பிட்டபின் வஜ்ராசனத்தில் உட்கார்ந்தால் செரிக்கும் என்று யாரோ சொல்லி, வீங்கிய முட்டியை முழுதாக மடக்கி, அதன் மேல் மொத்த உடம்பையும் வைத்து, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. செரிமானத்துக்கு ஒரு சின்ன நடை போதும். அடுத்தது பத்மாசனம், அர்த்த பத்மாசனம், மடக்கிய கால்களுக்கு நடுவே உட்காரும் வீராசனம், குத்த வைத்து உட்காரும் மாலாசனம். பத்மாசனத்தில் இடுப்பு மூட்டு திரும்பாவிட்டால் அந்தத் திருகல் முழுக்க முட்டிக்குப் போகிறது, முட்டி திருகுவதற்காக அமைந்த மூட்டே இல்லை.

நின்று செய்கிறவற்றில், கால்களை அகட்டிப் பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்யலாம், ஆனால் முட்டியைப் பின்பக்கம் பூட்டி நிற்கக் கூடாது, ஒரு நூல் தளர்த்தி வையுங்கள். சூரிய நமஸ்காரத்தை வேகமாகச் செய்வது, குதிப்பது, முட்டியைத் தரையில் ஊன்றி நிற்பது இதெல்லாம் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு நிற்பதும் வேண்டாம், அது இளசுகளுக்கு.

சரி, எதைத்தான் செய்வது?

ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் உட்கார்ந்து எழுவதைச் செய்யுங்கள். உத்கடாசனத்தின் எளிய வடிவம் அது, பாத்ரூம் போவதிலிருந்து பஸ்ஸில் சீட்டை விட்டு எழுவதுவரை எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. ஆனால் எழுகிற விதம் முக்கியம். பெரும்பாலான அம்மாக்கள் எழும்போது பாருங்கள்: நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்திருப்பார்கள், பாதம் ரொம்ப முன்னால் இருக்கும், இரண்டு கையாலும் தொடையை அழுத்தி, 'அம்மாடி' என்று மூச்சைப் பிடித்து ஒரே உந்தாக உந்துவார்கள், அந்த நொடியில் இரண்டு முட்டியும் ஒன்றையொன்று பார்த்து உள்பக்கமாகச் சாயும். அந்தச் சாய்வில்தான் சுருக்கென்று குத்துகிறது.

மாற்றிச் செய்யலாம். முதலில் நாற்காலியின் முன்பாதிக்கு நகர்ந்து வாருங்கள். பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, குதிகால் முட்டிக்குச் சற்றுப் பின்னால் வரும்படி இழுத்துக்கொள்ளுங்கள். முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள், மூக்கு கால்விரலுக்கு நேரே வரும். இப்போது குதிகாலைத் தரையில் அழுத்தி, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். முட்டி இரண்டாவது விரலை நோக்கியே இருக்கட்டும். எழுந்து நின்றால் அதுவே தாடாசனம், இரண்டு மூச்சு அங்கே நில்லுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் நாலு எண்ணி மெதுவாக இறங்குங்கள், வலு வருவது இந்த இறக்கத்தில்தான். ஐந்து தடவை போதும். வலித்தால் போர்வையை நாலாக மடித்து நாற்காலியில் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், வலு வர வர ஒவ்வொரு மடிப்பாகக் குறைக்கலாம்.

மற்றவை சுருக்கமாக. உட்கார்ந்தபடி ஒரு காலை நீட்டி, விரல்களை உங்கள் பக்கம் இழுத்து, தொடையை இறுக்கி மூன்று மூச்சு பிடித்து விடுங்கள். கணுக்காலைச் சுழற்றுங்கள், கணுக்கால் விறைத்தால் சமநிலை போச்சு. நாற்காலி முதுகைப் பிடித்து நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், ஒரு காலைப் பக்கவாட்டில் லேசாகத் தூக்குங்கள், உடம்பு சாயக் கூடாது. நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தே, ஒரு காலை முன்னால் மடக்கி மற்றதைப் பின்னால் நீட்டும் வீரபத்ராசனம் செய்யலாம், பாரம் பாதிக்குமேல் நாற்காலிக்குப் போய்விடும். சுவரில் இரண்டு கையையும் வைத்துப் பின்னால் நகர்ந்து இடுப்பிலிருந்து குனிந்தால் முதுகும் தொடையின் பின்புறமும் நன்றாக நீளும். கட்டிலில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கும் சேது பந்தாசனமும், ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டிக் காலை மேலே நீட்டும் சுப்த பாதாங்குஷ்டாசனமும் செய்யலாம். சேது பந்தத்தில் இடுப்பு ஒரு சாண் தூக்கினால் போதும். கடைசியில் சவாசனம், முட்டிக்கு அடியில் ஒரு தலையணை வைத்து.

ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம் செய்யலாமா?

செய்யலாம், படத்தில் இருக்கிற மாதிரி இல்லை. தூக்கிய பாதத்தை நிற்கிற காலின் முட்டிமேல் ஒருபோதும் வைக்காதீர்கள், பக்கவாட்டு அழுத்தம் முட்டிக்கு ஆகாது. ஆரம்பத்தில் குதிகாலை மட்டும் மற்ற கணுக்காலில் சாய்த்து, கட்டைவிரல் தரையிலேயே இருக்கட்டும். இரண்டு கையாலும் பிடித்து, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல் என்று பிடிமானத்தைக் குறைப்பதுதான் முன்னேற்றம், காலை உயர்த்துவது இல்லை. கண்ணுக்கு நேரே ஏதாவது ஒரு புள்ளியைப் பாருங்கள், காலண்டர் தேதி போதும். சமையல் மேடை இதற்கு நல்ல உயரம், ஆனால் அடுப்பு எரியாதபோது மட்டும். பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே மரம்போல் நிற்கிறேன் என்று கிளம்பாதீர்கள்.

செய்யும்போது வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா?

வலிக்குப் பத்துக்கு மார்க் போடுங்கள். மூன்று, நாலுவரை போகிற மந்தமான வலி, முடித்ததும் குறைந்து மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால், பரவாயில்லை, தொடரலாம். மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால், அல்லது முட்டி வீங்கினால், செய்தது அதிகம், அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள், அடியோடு விடாதீர்கள். ஊசி குத்துகிற மாதிரி சுருக்கென்ற வலி வந்தால் அந்த அசைவை அப்போதே நிறுத்திவிடுங்கள். தொடைச்சதை வலித்தால் சந்தோஷப்படுங்கள், அது வேலை செய்திருக்கிறது.

முட்டியில் நறநறவென்று சத்தம் வருகிறதே?

வலியோ வீக்கமோ இல்லாத சத்தத்தைக் கண்டுகொள்ள வேண்டாம்.

எழுந்து நின்றால் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. செய்யலாமா?

முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். பி.பி. மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, நீர் போகும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது உண்டு, உட்கார்ந்தும் நின்றும் இரண்டு தடவை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை உட்கார்ந்து செய்கிறவை மட்டும் போதும். தலையைத் தாழ்த்திக் குனிய வேண்டாம், மூச்சை அடக்கும் கும்பகமும் வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் யோகா செய்ய வேண்டும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள், சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தால் சமநிலைப் பயிற்சி செய்து என்ன பயன்? லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

தரையில் உட்கார்ந்து எழுவதை மறுபடியும் பழக முடியுமா? கோயிலில், கல்யாண வீட்டில் கஷ்டமாக இருக்கிறது.

பந்தியில் சம்மணம் போட்டு உட்காருவதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை, இப்போது எல்லா மண்டபத்திலும் மேசை இருக்கிறது, கோயிலிலும் நின்று கும்பிட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது. ஆனால் தவறி விழுந்தால் தரையிலிருந்து எழத் தெரிய வேண்டும், அதற்காக இது அவசியம். பக்கத்தில் ஆள் இருக்கும்போது, தடியான மெத்தை விரிப்பின் மேல் பழகுங்கள். ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி, நாலு காலில் வந்து, கனமான நாற்காலிவரை நகர்ந்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து, வலுவான காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். முட்டிக்கு அடியில் தலையணை கட்டாயம். முதல் தடவை நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒருவர் முன்னால் செய்வது உத்தமம்.

கைத்தடி எந்தக் கையில்? மாடிப்படி?

வலிக்கிற முட்டிக்கு எதிர்ப்பக்கக் கையில். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில், சினிமாவில் தாத்தாக்கள் பிடிப்பதைப் பார்த்துப் பழகாதீர்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். தடி பிடிக்க வெட்கப்பட்டுக்கொண்டு குடையை ஊன்றி வருகிறவர்கள் உண்டு. குடை அடியில் ரப்பர் கிடையாது, வழுக்கும்.

வாரத்துக்கு எத்தனை நாள், எந்த நேரத்தில்?

65 வயதுக்கு மேல் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி வாரம் 3 நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. நான் சொல்வது, வாரம் மூன்று நாள் அரைமணி நேரம், மற்ற நாளில் பத்து நிமிடம். பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து செய்தால்தான் பலன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். தேய்மானம் உள்ள முட்டி காலையில் எழுந்ததும் விறைப்பாக இருக்கும், அரைமணி நேரத்துக்குள் பெரும்பாலும் விட்டுவிடும், வெந்நீரில் குளித்து ஒரு காப்பி குடித்தபின் ஆரம்பிக்கலாம்.

எடை கூடுதலாக இருந்தால் அதையும் பாருங்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிமேல் இறங்கும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று 2005-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்குப் போட்டுக் காட்டியது. யோகாவால் மட்டும் எடை குறையாது, இரவில் மூன்றாவது தோசையை விட வேண்டியிருக்கும்.

முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள்?

பிசியோதெரபி முடிந்து, சர்ஜன் சரி என்று சொன்ன பிறகு நாற்காலி யோகாவுக்கு வரலாம். செயற்கை மூட்டின் மேல் மண்டியிடுவதும் முழுதாக மடக்குவதும் அவரைக் கேட்காமல் கூடாது. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருப்பவர்கள் அதுவரை சும்மா இருக்காதீர்கள், தொடை வலுவோடு மேசைக்குப் போனால் பிறகு எழுந்து நடப்பது சுலபம்.

எப்போது யோகாவை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்?

முட்டி திடீரென்று வீங்கிச் சிவந்து தொட்டால் சுட்டால், கூடவே காய்ச்சல் இருந்தால், அன்றைக்கே. முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நீட்டவும் மடக்கவும் முடியாமல் போனால், விழுந்தபின் காலை ஊன்றவே முடியவில்லை என்றால், படுத்திருக்கும்போதும் தூங்க விடாமல் வலித்தால் தள்ளிப்போடாதீர்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம், தைலம் போட்டு உருவி விடாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கினால் அது தேய்மானம் இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு, ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள்.